‘தள்ளு’வை இங்கிலிஷில் எழுதுவது எப்படி

திருகோணமலையில், திருக்கடலூரில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் பின்னேரம் ஐந்து மணிக்கு இங்கிலிஷ் வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள். மற்றவர்கள் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் வேலை செய்கிற பெடியன்கள். இரண்டு பேர் கந்தோரில் கடிதம் எழுதுகிறவர்கள்.

போன கிழமை எல்லோருக்கும் ஒரே வசனத்தைக் கொடுத்தேன்: “அவன் கதவைத் தள்ளித் திறந்தான்.” பதினொரு பேரில் ஒன்பது பேர் எழுதியது இது: “ஹீ புஷ்ட் அண்ட் ஓப்பின்ட் த டோர்.” இலக்கணப் பிழை என்று சிவப்புப் பேனையால் வெட்ட முடியாது. ஆனால் இங்கிலிஷிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் அதை இப்படித்தான் எழுதுவார்: “ஹீ புஷ்ட் த டோர் ஓப்பின்.” இரண்டாவது வினை அங்கே இல்லை. ‘ஓப்பின்’ என்ற சொல் வாலில் தொங்குகிறது, அதுவும் ‘ஓப்பின்ட்’ என்று மாறாமல்.

இது விளங்கிவிட்டால் மிச்சம் பெரிய கஷ்டமில்லை. அதனால் இதிலே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்று பாருங்கள். தள்ளித் திறந்தான், தள்ளி விழுத்தினான், தள்ளி ஏற்றினோம், தள்ளிக்கொண்டு போனார்கள். எப்படி நடந்தது என்பது முதலில் ‘தள்ளி’ என்று எச்சமாக வருகிறது. என்ன ஆனது என்பதுதான் கடைசியில் முற்றாக நிற்கிறது. இங்கிலிஷ் இதைத் தலைகீழாக வைக்கிறது. எப்படி நடந்தது என்பதே அங்கே முக்கிய வினை. என்ன ஆனது என்பது ஒரு சின்னச் சொல்லாக வாலில் போகிறது. எங்கள் ‘திறந்தான்’ அங்கே ‘ஓப்பின்’. எங்கள் ‘விழுத்தினான்’ அங்கே ‘ஓவர்’: “ஹீ புஷ்ட் த செயார் ஓவர்.” எங்கள் ‘ஒதுக்கினான்’ அங்கே ‘அசைட்’: “ஹீ புஷ்ட் த பிளேட் அசைட்.”

எங்கள் கரையில் வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும், மேலே இழுத்து வைத்திருந்த வள்ளங்களைத் திரும்ப இறக்குவார்கள். அடியில் உருட்டுக்கட்டை போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் தோள் கொடுத்து, சத்தம் வைத்துத் தள்ளுவார்கள். “வள்ளத்தைக் கடலுக்குள் தள்ளி இறக்கினோம்” என்பதை ஒரு மாணவன் “வீ புஷ்ட் அண்ட் புட் டவுன் த போட் இன் த ஸீ” என்று எழுதினான். ‘இறக்கினோம்’ என்ற சொல்லை விட்டுவிட அவனுக்கு மனமில்லை. விட்டுவிடுங்கள். “வீ புஷ்ட் த போட் இன்டு த வோட்டர்” என்றாலே போதும். ‘இன்டு’ என்ற ஒரு சொல் இறக்குகிற வேலையைச் செய்துவிடுகிறது. ‘இன்’ என்று போட்டால் வள்ளம் ஏற்கெனவே தண்ணீரில் நிற்கிறது, அங்கே வைத்துத் தள்ளினோம் என்று ஆகிவிடும்.

வால் இல்லாமல் வெறும் ‘புஷ்’ எழுதினால், தள்ளப்பட்டது நகர்ந்ததா இல்லையா என்று வாசிக்கிறவருக்குத் தெரியாது. நிலாவெளி மணலில் வான் புதைந்தால் “வீ புஷ்ட் த வான் ஃபோர் ஹாஃப் அன் அவர்” என்று எழுதலாம். அரை மணி நேரம் தள்ளினோம், அவ்வளவுதான். வான் இன்னும் அங்கேயே நிற்கலாம். வெளியே வந்துவிட்டது என்றால் “வீ புஷ்ட் த வான் அவுட் ஒஃப் த சாண்ட்” என்று வாலைப் போட வேண்டும். நாங்கள் தள்ளினோம், தள்ளிவிட்டோம் என்று சொல்கிற வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட அதே வேலைதான் இது.

வாலில் ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள். “ஹீ புஷ்ட் பாஸ்ட் மீ” என்றால் என்னை இடித்துக்கொண்டு தாண்டிப் போனான். ‘மீ’ கடைசியில் வர வேண்டும். “ஹீ புஷ்ட் மீ பாஸ்ட் த கேட்” என்றால் அவன் என்னையே தள்ளிக் கேற்றைத் தாண்ட வைத்தான். ஒரு சொல் இடம் மாறினால் தள்ளப்பட்ட ஆளே மாறிவிடுகிறார். கோணேசர் கோயிலில் சிவராத்திரிச் சனத்துக்குள் வழி எடுத்துக்கொண்டு போவதற்கு ஒரு அழகான அமைப்பு இருக்கிறது: “ஷீ புஷ்ட் ஹேர் வே த்ரூ த க்ரவுட்.” ‘ஹேர் வே’ என்பது அவள் தனக்குப் பண்ணிக்கொண்ட பாதை. முழங்கையால் பண்ணினாள் என்றால் ‘புஷ்ட்’ இருக்கிற இடத்தில் ‘எல்போட்’, தோளால் என்றால் ‘ஷோல்டர்ட்’. உடம்பின் பெயரே வினையாகிவிடும்.

சரி, இனி எந்த வினை என்ற கேள்வி. எங்களுக்குத் ‘தள்ளு’ ஒன்று இருந்தால் போதும். மெல்ல, பலமாக, இடித்து, முட்டி, நெருக்கி என்று முன்னுக்கு ஒரு சொல்லை வைத்துச் சமாளித்துவிடுவோம். இங்கிலிஷ் அந்த முன்சொல்லை வினைக்குள்ளேயே போட்டு மூடிவிட்டது. “புஷ்ட் வெரி ஸ்ட்ரோங்லி” என்று பிள்ளைகள் எழுதுவது அதனால்தான். நான் அவர்களிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்வேன். கை பட்டு எவ்வளவு நேரம் இருந்தது? எவ்வளவு பலம்? தள்ளினவர் மனதில் என்ன இருந்தது? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கடிதத்தில் பிரச்சினை வருவதும் அதனால்தான்.

‘ஷவ்’ என்பதை எடுங்கள். ‘லவ்’ என்பதுபோல் சொல்ல வேண்டும், ‘ஸ்டோவ்’ என்பதுபோல் அல்ல. பழைய இங்கிலிஷிலிருந்தே வருகிற சொல். மண் அள்ளுகிற ‘ஷவல்’ இதே வேரில் பிறந்தது. ஒரே உந்து, பலமாக, முரட்டுத்தனமாக. ஆளை ‘ஷவ்’ பண்ணினான் என்றால் பெரும்பாலும் கோபம் இருக்கிறது, இல்லாவிட்டால் அந்த ஆளை மதிக்கவில்லை. பொருளை ‘ஷவ்’ பண்ணினால் கவனமில்லாமல் திணித்தது: “ஹீ ஷவ்ட் த பேப்பர்ஸ் இன்டு த ட்ரோவர்.” எங்கள் பத்திரிகைகள் ‘தள்ளுமுள்ளு’ என்று எழுதுகிற இடத்தில் இங்கிலிஷ் பத்திரிகை ‘புஷிங் அண்ட் ஷவிங்’ என்று எழுதும். ‘வென் புஷ் கம்ஸ் டு ஷவ்’ என்று ஒரு வழக்கும் உண்டு, நிலைமை முற்றி வேறு வழியில்லை என்று வரும்போது. புஷ் முதல் படி, ஷவ் அடுத்த படி என்பதை அந்த வழக்கே சொல்லித் தருகிறது.

இந்தப் படி தெரியாமல் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன் அம்மா வவுனியா பஸ் ஏறப் போய் மிதிபலகையிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியால் வந்த அன்று இரவே முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன். “தே ஷவ்ட் மை மதர் அவுட் ஒஃப் த பஸ்.” கோபத்தில் பலமான சொல்லைத் தேடி எடுத்து வைத்தேன். கடிதம் கிடைத்தவர்கள் அதை எழுதியபடியே எடுத்துக்கொண்டார்கள். யாரோ வேண்டுமென்றே ஒரு கிழவியை வெளியே தள்ளியிருக்கிறார்கள் என்று விசாரணை நடந்தது. கொண்டக்டர் பெடியன் எங்கள் படலையில் வந்து நின்றான். “அக்கா, நான் கை வைக்கவே இல்லையே” என்றான். உண்மை. அவன் கை வைக்கவில்லை. பின்னால் நின்ற சனம் முன்னுக்கு நெருக்க, அம்மா அந்த நெருக்கலில் கால் தவறி விழுந்தார். அதை எழுதுவதற்கு இங்கிலிஷில் சரியான சொல் இருக்கிறது: ‘ஜொஸ்ல்’. எழுத்தில் நடுவே ஒரு ‘டி’ இருக்கும், வாயில் அது வராது. “மை மதர் வோஸ் ஜொஸ்ல்ட் பை த க்ரவுட் அண்ட் ஃபெல்.” யாரையும் குற்றம் சொல்லவில்லை, நடந்தது முழுக்க இருக்கிறது. இரண்டாவது கடிதத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெடியனுக்குப் போன சம்பள நாட்கள் திரும்ப வரவில்லை. அன்றிலிருந்து முறைப்பாட்டுக் கடிதம் எழுதித் தரச் சொல்லி யார் வந்தாலும், தள்ளினது யார், கையாலா உடம்பாலா, வேண்டுமென்றா என்று கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுப்பேன்.

‘ஜொஸ்ல்’ வந்த வழி சுவையானது. குதிரைமேல் ஈட்டியோடு எதிரெதிரே வந்து மோதுகிற பழைய ஐரோப்பிய விளையாட்டுக்கு ‘ஜவுஸ்ட்’ என்று பெயர். அதிலிருந்து திரும்பத் திரும்ப முட்டுவது என்ற பொருளில் பிறந்தது இது. பலர் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக, தோளும் முழங்கையும் படுவது. கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல். அதற்கு முன் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். பாதை கரையைத் தொட்டதும் சைக்கிள்காரரும் மீன்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரேயடியாக ஏறுவார்களே, அது ‘ஜொஸ்லிங்’. அந்த நெரிசலை ஞாபகம் வைத்திருக்கிற யாருக்கும் இந்தச் சொல் மறக்காது.

மெல்லப் படுவது ‘நட்ஜ்’. பூசை நேரத்தில் தூங்கி வழிகிற பிள்ளையைத் தாய் முழங்கையால் தொட்டும் தொடாமலும் இடிப்பாள் இல்லையா, அதுதான். அதிலே ஒரு உரிமை இருக்கிறது, இரண்டு பேருக்கும் மட்டும் தெரிகிற ஒரு ரகசியமும் இருக்கிறது. இப்போது ஈமெயிலில் ‘ஜஸ்ட் எ ஜென்ட்ல் நட்ஜ்’ என்று எழுதுகிறார்கள், பதில் போட மறந்தவரை ஞாபகப்படுத்த. கூட வேலை செய்கிறவருக்கு எழுதலாம். கந்தோரில் மேலதிகாரிக்கு எழுதாதீர்கள், அவரை முழங்கையால் இடிக்கிற உறவு எங்களுக்கு இல்லை. அங்கே “ஐ ஆம் ரைட்டிங் டு ரிமைண்ட் யூ” என்று நேராகப் போகலாம். இன்னும் பணிவு வேண்டுமென்றால் “மே ஐ ரிமைண்ட் யூ”.

‘பிரெஸ்’ என்பது தள்ளுவதைவிட அமத்துவது. கை எடுக்காமல், ஒரே சீராக, ஒரு பரப்பின்மேல். காயத்தில் துணியை வைத்து அமத்தினால் பிரெஸ். பூவைப் புத்தகத்துக்குள் வைத்தால் பிரெஸ். போனில் இலக்கத்தை அமத்தினால் பிரெஸ். பட்டனுக்கு மட்டும் புஷ், பிரெஸ் இரண்டும் பொருந்தும். கதவு அசைய வேண்டும் என்பதால் அதற்கு ‘புஷ்’. கடைக் கண்ணாடிக் கதவிலே ‘பிரெஸ்’ என்று எழுதி ஒட்டாதது அதனால்தான். இந்தச் ‘சீராக, விடாமல்’ என்ற குணம் கடிதத்திலும் தொடர்கிறது. “தே ஆர் பிரெஸிங் ஃபோர் அன் ஆன்ஸர்” என்றால் பதில் வேண்டுமென்று விடாமல் கேட்கிறார்கள். ‘எ பிரெஸிங் மேட்டர்’ அவசர விஷயம். நேரமில்லை என்பதற்கு ‘பிரெஸ்ட் ஃபோர் டைம்’, ‘புஷ்ட் ஃபோர் டைம்’ இரண்டும் எழுதலாம். முதலாவது கொஞ்சம் மரியாதையானது.

மற்றவை குறைவாகத்தான் தேவைப்படும். ‘போக்’ விரல் நுனியால் அல்லது குச்சியால் குத்துவது. ‘ப்ரொட்’ அதையே மாட்டை நடக்கப் பண்ணுவதுபோல் உந்துவதற்காகச் செய்வது. ‘ரம்’ முழுப் பாரத்தோடு போய் மோதுவது, லொறியும் படகும் செய்கிறது. ‘த்ரஸ்ட்’ நேராக, சட்டென்று நீட்டிச் செருகுவது. இறந்த காலத்திலும் அது ‘த்ரஸ்ட்’தான், ‘த்ரஸ்டட்’ என்று எழுத வேண்டாம்.

ஆளைத் தள்ளுவது மனதளவில் என்றால், ‘புஷ்’க்குப் பின்னால் வருகிற சொல்லைப் பாருங்கள். “மை ஃபாதர் புஷ்ட் மீ டு ஸ்டடி” என்றால் அப்பா விடாமல் ஊக்கி என்னைப் படிக்க வைத்தார், நன்றியோடும் எழுதலாம். “தே புஷ்ட் ஹேர் இன்டு சைனிங்” என்றால் விருப்பமில்லாதவளை நெருக்கிக் கையெழுத்து வாங்கினார்கள். ‘டு’ வந்தால் பின்னால் வெறும் வினை. ‘இன்டு’ வந்தால் ‘இங்’. அங்கே பெரும்பாலும் கட்டாயம் இருக்கிறது. ‘புஷ் ஹிம் அரவுண்ட்’ என்றால் அவனை ஆட்டிப் படைப்பது. ஒருவரை ‘புஷி’ என்று எழுதினால் அது குறை. முயற்சியுள்ளவர் என்று புகழ நினைத்து நற்சான்றிதழில் இந்தச் சொல்லைப் போட்டுவிடாதீர்கள், ‘டிடர்மின்ட்’ என்று எழுதுங்கள்.

நாங்கள் கந்தோரில் தெரிந்தவரிடம் “என்ர ஃபைலைக் கொஞ்சம் தள்ளி விடுங்கோ” என்று கேட்போம். அதை அப்படியே “ப்ளீஸ் புஷ் மை அப்ளிகேஷன்” என்று கடிதத்தில் எழுதினால், குறுக்கு வழியில் உதவி கேட்பதுபோல் தொனிக்கும். “ஐ வுட் பீ க்ரேட்ஃபுல் இஃப் யூ குட் எக்ஸ்பிடைட் மை அப்ளிகேஷன்” என்பதே அந்த இடத்துக்குரிய வசனம். ‘எக்ஸ்பிடைட்’ என்ற சொல்லுக்குள் லத்தீனில் கால் என்ற சொல் இருக்கிறது. சிக்கிய காலை எடுத்துவிடுவது என்பதுதான் அதன் பழைய பொருள். தள்ளச் சொல்லிக் கேட்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

திகதி விஷயத்துக்கு வருகிறேன், ஹோட்டல் பெடியன்கள் தினமும் எழுதுவது இதுதான். அவர்களில் ஒருவன் வெளிநாட்டுக் குடும்பமொன்றுக்கு “வீ புஷ்ட் யூ டு ஃப்ரைடே” என்று எழுதிவிட்டான். கடல் கொந்தளிப்பால் புறாமலைத் தீவுக்குப் படகு போகாது, வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போட்டிருக்கிறோம் என்பது அவன் நினைத்தது. வாசித்தவர்களுக்குத் தங்களையே பிடித்துத் தள்ளினமாதிரி இருந்திருக்கும். நாங்கள் தள்ளிப் போடுவது நாளை, ஆளையல்ல. “வீ ஹாவ் மூவ்ட் யோர் போட் ட்ரிப் டு ஃப்ரைடே” என்று அவனுக்குத் திருத்திக் கொடுத்தேன். ‘புஷ்ட் பேக் டு ஃப்ரைடே’ என்றும் சொல்லலாம், பேச்சு வழக்கு. ‘பேக்’ என்றதும் முந்திய நாளாக்கும் என்று நினைக்க வேண்டாம், பிந்துவதுதான். முன்னுக்குக் கொண்டு வந்தால் ‘ப்ராட் ஃபோவர்ட்’. கந்தோர்க் கடிதமென்றால் ‘போஸ்ட்போன்ட்’. எப்படி எழுதினாலும் திகதியைப் போட்டுவிடுங்கள், பிறகு குழப்பம் வராது. இன்னொன்று, ஆள் ‘புஷ்ட் பேக்’ என்றால் அது எதிர்த்து நின்றார் என்ற பொருள். எதைத் தள்ளுகிறோம் என்று பார்த்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

வள்ளத்தைக் கரையிலிருந்து தள்ளிப் புறப்படுவதற்கு ‘புஷ் ஒஃப்’, ‘ஷவ் ஒஃப்’ இரண்டும் உண்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடித்துவிடும். “வீ புஷ்ட் ஒஃப் அட் ஃபோர் இன் த மோர்னிங்.” ஆனால் முன்னால் நிற்கிற ஒருவரைப் பார்த்து ‘புஷ் ஒஃப்’ என்றால் ‘போய்த் தொலை’ என்று அர்த்தம். வள்ளத்துக்கு மட்டும் வைத்திருங்கள்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்வேன், அவர்களுக்கு இது நிறையச் சொற்களை ஒரேயடியாகக் கொண்டு வந்து தரும். லத்தீனில் தள்ளுவதற்குப் ‘பெல்லெரே’ என்று ஒரு வினை. ‘புஷ்’ என்ற சொல்லே அந்த வினையின் பிள்ளையொன்று பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. நாடித் துடிப்புக்குச் சொல்கிற ‘பல்ஸ்’ கூட அங்கிருந்துதான், இரத்தம் தள்ளுவதால். இனிப் ‘பெல்’ என்று முடிகிறவற்றைப் பாருங்கள். முன்னே தள்ளினால் ‘ப்ரொப்பெல்’, வள்ளத்து எஞ்சினின் ‘ப்ரொப்பெல்லர்’ அதுதான். வெளியே தள்ளினால் ‘எக்ஸ்பெல்’, பள்ளிக்கூடத்திலிருந்து நீக்குவது. திருப்பித் தள்ளினால் ‘ரிப்பெல்’, நுளம்புக்குப் பூசுகிற ‘ரிப்பெலன்ட்’ எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. நாலாபக்கமும் தள்ளிக் கலைத்தால் ‘டிஸ்பெல்’, வதந்தியையும் பயத்தையும் போக்குவது. ஒன்றாக நெருக்கித் தள்ளினால் ‘கொம்பெல்’, கட்டாயப்படுத்துவது. இறந்த காலத்தில் எல்லாவற்றுக்கும் ‘எல்’ இரட்டிக்கும். பெயராக்கும்போது ‘பெல்’ போய்ப் ‘பல்’ வரும்: எக்ஸ்பல்ஷன், கொம்பல்ஷன், ப்ரொப்பல்ஷன். ஒன்றைப் பாடமாக்கினால் மற்றவை தானாக வரும்.

இன்று இரவு கொப்பியில் எழுதிப் பாருங்கள். அவன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான். சனம் நெருக்கியதில் என் செருப்பு கழன்றது. தம்பி என்னை மெல்ல இடித்து மானைக் காட்டினான், கோட்டை வாசலில். கூட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போடப்பட்டுள்ளது. ஐந்து பேர் தள்ளியும் வள்ளம் அசையவில்லை.

கடைசி வசனத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். வாலே இல்லாமல் எழுத வேண்டியது அது: “ஃபைவ் ஒஃப் அஸ் புஷ்ட், பட் த போட் டிட் நொட் மூவ்.” ஆறாவது ஆள் வந்து தோள் கொடுத்து அது தண்ணீருக்குள் போன பிறகு ‘இன்டு த வோட்டர்’ என்று சேருங்கள்.